கால்வாய்க் கரையில் மாப்பிள்ளை விசாரிப்பு

போன மாதம் நான் கோபன்ஹேகன் நகரத்தில், ஒரு கால்வாய்க் கரையில், சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்று, பச்சை குத்தும் கடைக்காரர் ஒருவரிடம் மாப்பிள்ளை விசாரித்தேன்.

சிரிக்காதீர்கள். மெல்பர்னில் இருந்து அவ்வளவு தூரம் பறந்து போனீர்களே, வேறு என்ன பார்த்தீர்கள் என்று கேட்பீர்கள். அரண்மனை இருந்ததாம். மியூசியம் இருந்ததாம். ஒன்றையும் பார்க்கவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் வேடிக்கை பார்க்க நேரம் ஏது?

விஷயம் இதுதான். என் கணவரின் தங்கை மாலினி எங்களோடுதான் இருக்கிறாள். இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. காலையில் ட்ராம் பிடித்துப் போவாள், மாலையில் வருவாள், சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள். நல்ல பிள்ளை. வாய் திறந்து ஒரு சொல் அதிகம் பேச மாட்டாள்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ரவீந்திரன். ஊர் சாவகச்சேரிப் பக்கம். கோபன்ஹேகனில் கப்பல் எஞ்சின்களுக்கு வரைபடம் போடும் கந்தோரில் உத்தியோகம். சாதகம் பொருந்திவிட்டது. படங்கள் இரண்டு பக்கமும் போய் வந்துவிட்டன. மாலினி படத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி அண்ணா" என்றாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று — விசாரிப்பு.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதகத்தைக்கூட நம்பாத பெரியவர்கள் அயலட்டையை, அதாவது அக்கம்பக்கத்தாரை, நம்புவார்கள். மாப்பிள்ளை குடியிருக்கிற தெருவுக்கு, ஒழுங்கைக்கு, அவருக்குத் தெரியாமல் ஒருவர் போவார். வழி தவறியவர் போலச் சந்திக் கடையில் நின்று ஒரு சோடா குடிப்பார். "உந்த மூண்டாவது வீட்டுக்காரர் எப்பிடி?" என்று மெல்லக் கேட்பார். ஏன் கேட்கிறார் என்று கடைக்காரருக்கு விளங்கும். விளங்காத மாதிரியே பதில் சொல்வார்.

அதில் முதல்தரமான பதில் எது தெரியுமா?

"அந்தப் பொடியனோ? இருக்கிற இடமே தெரியாது."

அவ்வளவுதான், மாப்பிள்ளை பாஸ். "ஆளைக் கண்டதே குறைவு" என்று சொல்லிவிட்டால் டிஸ்டிங்ஷன்! எனக்காக என் அப்பா ஆள் அனுப்பி விசாரித்தபோது, இவருடைய பக்கத்து வீட்டுக்காரர், "அப்பிடி ஒரு பொடியன் அங்கை இருக்கிறானோ?" என்று திருப்பிக் கேட்டாராம். அப்பாவுக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல். அந்த டிஸ்டிங்ஷனோடுதான் நான் இத்தனை வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

இவருக்கு லண்டனில் கந்தோர் விஷயமாக ஒரு பயிற்சி வந்தது. நானும் ஒட்டிக்கொண்டேன். திரும்பும் வழியில் கோபன்ஹேகன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் ரவீந்திரன். ஆனால் இவர் விடவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை எங்களுக்காக எல்லாத்தையும் ஒதுக்கி வைச்சிருப்பார். சனிக்கிழமை போய் அயலட்டையில கேட்டால்தான் உண்மை தெரியும்."

விலாசத்தில் நீஹவ்ன் என்று இருந்தது. அப்படியென்றால் புதுத் துறைமுகம் என்று அர்த்தமாம். வெட்டி முந்நூறு வருடம் ஆகிறது... இன்னமும் புதுசு! நகரத்துக்குள் கடலை இழுத்துக்கொண்டு வந்த ஒரு கால்வாய். அதன் கரையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உயரமான பழைய வீடுகள். ஒன்று மஞ்சள், அடுத்தது சிவப்பு, அதற்கடுத்தது நீலம். தண்ணீரில் மரக் கப்பல்கள். ஹோட்டலில் விற்ற போஸ்ட்கார்டைப் பார்த்ததும் இவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீரே! என்ன வடிவான இடம். பொடியன் வசதியாத்தான் இருக்கிறான். மாலினி குடுத்து வைச்சவள்."

உண்மையைச் சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்து பார்த்தபோது நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். வளையல் கடைக்காரர் தன் பெட்டியை வெயிலில் திறந்து வைத்த மாதிரி அத்தனை நிறம். அந்த நிறமெல்லாம் தண்ணீருக்குள் விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. மெல்பர்னில் எங்கள் தெருவில் எல்லா வீடும் ஒரே செங்கல் நிறம். கண்ணுக்கு அது ஒரு விருந்துதான்.

ஆனால் போஸ்ட்கார்டுக்குச் சத்தம் கிடையாதே... வாசமும் கிடையாது.

கிட்டப் போனோம். கரை நெடுகக் கார்களை நிறுத்தியிருந்தார்கள். வீடுகளின் கீழ்த்தட்டில் வரிசையாகத் தவறணைகள், மதுக்கடைகள். பட்டப்பகலில் மாலுமிகள் பியர்ப் போத்தலோடு படிக்கட்டுகளில் இருந்தார்கள். ஒருவர் அக்கோர்டியன் வாசித்தார். இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள், கட்டிப் பிடித்தார்கள், மறுபடி சண்டை பிடித்தார்கள். இரண்டு தவறணைகளுக்கு நடுவே ஒரு பச்சை குத்தும் கடை. அந்தக் கடையின் வாசலில் இவர் நின்று இலக்கத்தைப் பார்த்தார். கையில் இருந்த விலாசத்தைப் பார்த்தார். திரும்ப இலக்கத்தைப் பார்த்தார்.

"பிழையான தெருவா இருக்கும்."

"சரியான தெருதான். இதுக்கு மேல் மாடி" என்றேன்.

எதிர்க்கரையில் பெரிய பெரிய மாளிகைகள் நின்றன. ஒரு சத்தம் இல்லை, ஆள் நடமாட்டம் இல்லை. "அந்தப் பக்கம் இருந்திருக்கக் கூடாதோ?" என்று இவர் பெருமூச்சு விட்டார். அந்த மரியாதையான கரையில் நின்றுதான் போஸ்ட்கார்டுக்குப் படம் எடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

என்ன செய்வது? விசாரிக்க வந்தாகிவிட்டது. சந்திக் கடைக்கு எங்கே போவது? இருந்தது பச்சை குத்தும் கடைதான். உள்ளே போனோம்.

கடைக்காரரின் இரண்டு கைகளிலும் தோல் தெரியவில்லை. நங்கூரம், பாம்பு, பெண்களின் பெயர்கள். அதில் சில பெயர்களைக் கோடு கீறி வெட்டியும் இருந்தது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் தொடங்கினார்.

"மேலே மிஸ்டர் ரவீந்திரன் என்று ஒருவர் இருக்கிறாரா? நாங்கள் சும்மா... இந்த வழியால் போனோம்."

மெல்பர்னில் இருந்து இந்த வழியால் போனோமாம்!

"ராவியா?" என்று அந்த மனிதர் எழும்பியே விட்டார். "இந்தக் கரையில் ராவியைத் தெரியாத ஆள் யார் இருக்கிறார்கள்?"

இவருக்கு முகம் செத்துவிட்டது. ஃபெயில்! முதல் கேள்வியிலேயே ஃபெயில்!

அதோடு விட்டாரா? வாசலுக்குப் போய் அவர்கள் பாஷையில் ஏதோ கத்தினார். பக்கத்துத் தவறணையில் இருந்து ஏப்ரன் கட்டிய ஆஜானுபாகுவான ஓர் அம்மா வந்தார். அவருக்குப் பின்னால் பல்லில்லாத ஒரு கிழட்டு மாலுமி. "ராவியின் ஆட்களா?" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில் என் காப்பு முழங்கை வரை போய் வந்தது.

"அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. வெள்ளிக்கிழமை தவறாமல் என் கடைக்கு வருவான். என் குசினியில் மீன் கறி வைப்பான். என்ன உறைப்பு! நாங்கள் எல்லோரும் அழுது அழுது சாப்பிடுவோம்."

வெள்ளிக்கிழமை. தவறணை. மீன். ஒரே வசனத்தில் மூன்று அடி. வெள்ளிக்கிழமையில் முட்டைக் கோது கண்ணில் பட்டாலே தலை முழுகுகிற ஆள் இவர். பக்கத்தில் இருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"குடிப்பாரா?" என்று கேட்டார். 

அந்த அம்மா முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு யோசித்தார். "அதுதான் அவனிடம் உள்ள ஒரே குறை. ஒரு கிளாஸ் குடித்தால் போதும், மேசையிலேயே தூங்கி விடுவான்."

"பச்சை குத்தியிருக்கிறாரா?"

கடைக்காரர் நெஞ்சில் கையை வைத்தார். "மேடம், சார்... அது தொழில் இரகசியம்."

கிழட்டு மாலுமிக்கு ஆங்கிலம் தெரியாது. "கொழும்பு! கொழும்பு!" என்று மட்டும் சொல்லி இவருடைய தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கியிருப்பார் போலிருக்கிறது.

நாங்கள் வெளியே வந்தபோது, ஒரு கையில் லீக்ஸ் கட்டும் மறுகையில் பாண் ரொட்டியுமாக ஒரு மெலிந்த இளைஞர் எதிரே வந்தார். படத்தில் பார்த்த அதே முகம். கோபன்ஹேகன் கால்வாய்க் கரையில் ஒரு சேலை நின்றால் அதற்கு எத்தனை காரணம் இருக்க முடியும்? அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"அண்ணை, அக்கா... நாளைக்கெல்லோ வாறதெண்டு சொன்னனீங்கள்?"

"இல்லைத் தம்பி... சும்மா... இடம் பாக்க..." என்று இவர் தடுமாறினார்.

"விசாரிச்சு முடிஞ்சுதோ? முடியேல்லையெண்டால் நான் ஒருக்கா கடைப்பக்கம் போட்டு வாறன். அந்தக் கரை முடியிற தொங்கல்ல இன்னும் ரெண்டு பேர் இருக்கினம், அவையையும் கேளுங்கோ. தொப்பி போட்டவர் மட்டும் நல்லாச் சொல்ல மாட்டார். என்னோட சீட்டு விளையாடித் தோத்தவர்."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

மேலே கூட்டிக்கொண்டு போனார். செங்குத்தான மரப்படி. சின்ன அறை, ஆனால் துப்புரவு. ஜன்னலைத் திறந்தால் கப்பல்களின் பாய்மரம் கைக்கு எட்டும் போல் இருந்தது. "அந்தக் கதிரை ஆடும் அக்கா, இதில இருங்கோ" என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சட்டைக் கையைத் தானாகவே மடித்துக் காட்டி, "ஒண்டும் குத்தேல்லை அண்ணை. ஊசியெண்டால் எனக்குச் சரியான பயம்" என்றார். நாள் முழுக்க ஊசியோடு வேலை செய்கிற பெண்ணை அல்லவா இந்தத் தம்பிக்குப் பார்த்திருக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இவர் சிரிக்கவில்லை. "தம்பி, நல்ல உத்தியோகம். ஏன் இப்பிடி ஒரு இடத்தில இருக்கிறீர்?"

ரவீந்திரன் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றினார்.

"முதல் நல்ல இடத்திலதான் இருந்தனான் அண்ணை. புது ஃபிளாட். மரியாதையான ஆக்கள். ஒரு குளிர்காலம் முழுக்க ஒருத்தரும் என்னோட கதைக்கேல்லை. காய்ச்சல் வந்து கிடந்தன், கதவைத் தட்ட ஆளில்லை. பிறகு பிறகு நானே கண்ணாடியைப் பாத்துத் தமிழ்ல கதைக்கத் துவங்கினன். அப்பதான் பயந்திட்டன். இஞ்ச வந்த முதல் நாள், உந்தப் படியில ட்ரங்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு நிக்கிறன், கீழ இருந்து நாலு பேர் குடிவெறியோட வந்து தூக்கித் தந்தவை. பெட்டி உடைஞ்சு போச்சு. ஆனால் அண்டைக்குத்தான் எனக்கு ஒழுங்கா நித்திரை வந்தது."

 இவர் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது ரவீந்திரன் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அக்கா, இந்த இடம் மாலினிக்குச் சரி வருமோ? எனக்கு அந்த யோசனைதான்."

என்ன சொல்வது? மாலினிக்கு எது சரி வரும் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடும் முடிந்து விமானத்தில் ஏறியதும் இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நல்ல பொடியன்தான். ஆனால் சரி வராது. ஊர் என்ன சொல்லும்?"

"எந்த ஊர்?" என்று கேட்டேன்.  போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

மெல்பர்னுக்கு வந்து மாலினியை இருத்தி, எல்லாவற்றையும் ஒப்புவித்தார். தவறணை, பச்சை, வெள்ளிக்கிழமை மீன். நான் இடையிடையே புகுந்து, ட்ரங்குப் பெட்டிக் கதையையும் மற்ற நல்லதுகளையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அந்தத் தவறணை மனுசி அவரைப் பற்றிச் சொல்லேக்கை சிரிச்சவவோ அண்ணா?"

"ஓம், சிரிச்சவ. எல்லாரும்தான் சிரிச்சவை. அதுக்கென்ன?"

"ஒண்டுமில்லை. சும்மா கேட்டனான்" என்று எழும்பிப் போய்விட்டாள். இவர், விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கலர் டெலிவிஷனைப் போட்டார்.

முடியவில்லை. அடுத்த கிழமை, பக்கத்து வீட்டு டொரத்தி ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே வேலிக்கு மேலால் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். தனியாக இருக்கிற, அறுபது தாண்டிய வெள்ளைக்காரி. வந்த நாளில் இருந்து அவளுக்கும் எங்களுக்கும் "குட் மார்னிங்" மட்டும்தான் பழக்கம்.

"நீங்கள் ஊரில் இல்லாதபோது உங்கள் நாட்டுப் பையன் ஒருவன் வந்தான். சிட்னியில் இருந்து வருகிறானாம், வழி தவறிவிட்டதாம். குடிக்கத் தண்ணீர் கேட்டான். பிறகு மெல்ல உங்களைப் பற்றிக் கேட்டான்."

எனக்குப் பக்கென்றது. ரவீந்திரன் அனுப்பிய சிநேகிதனாகத்தான் இருக்க வேண்டும்! நாங்கள் அங்கே விசாரித்த நேரத்தில் அவர்கள் இங்கே விசாரித்திருக்கிறார்கள். வழி தவறிய நடிப்பு உட்பட எல்லாம் அதே முறை!

"நல்ல மனிதர்கள், சத்தமே கிடையாது, புல்லை ஒழுங்காக வெட்டுவார்கள் என்று சொன்னேன்" என்றாள் டொரத்தி. இவர் நெஞ்சை நிமிர்த்தினார். "அந்த வீட்டுப் பெண் எப்படி என்று கேட்டான். எந்தப் பெண் என்று கேட்டேன்."

எங்கள் கணக்குப்படி பார்த்தால் மாலினிக்கு டிஸ்டிங்ஷன். ஆனால் இவர் நெஞ்சு நிமிர்ந்தபடியே அப்படியே நின்றுவிட்டது. எனக்கும் சந்தோஷம் வரவில்லை. இடையில் ஒரு வேலிதான். நாலு வருடமாக ஒரு பெண் அந்த வாசலால் போய் வருகிறாள். அவளை யாரோ இடைக்கிடை வந்து போகிற விருந்தாளி என்று டொரத்தி நினைத்திருந்தாளாம்.

டொரத்தியை எப்படிக் குறை சொல்வது? வெள்ளையர் மட்டும்தான் என்றிருந்த இந்த நாட்டுக்குள் எங்களை விட்டதே இப்போதுதானே. திறந்த கதவைத் திரும்பச் சாத்திவிடுவார்களோ என்ற பயத்தில், தாளிக்கும்போது ஜன்னலை மூடினோம். ரேடியோவைக் காதுக்கு மட்டும் கேட்க வைத்தோம். வீட்டுக்குள் உரத்துச் சிரித்தால் "மெல்ல, மெல்ல" என்றோம். நல்ல பெயர் எடுத்தாகிவிட்டது... ஆள்தான் இல்லாமல் போய்விட்டாள்.

உங்கள் தெருவில் யாராவது உங்களைப் பற்றி விசாரித்தால் என்ன சொல்வார்கள்? யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கு முன்னால், வேலியடியில் வைத்தே டொரத்திக்கு விஷயத்தை விளக்கினேன். கேட்டதும் குழாயைக் கீழே போட்டுவிட்டாள். தண்ணீர் முழுக்க இவருடைய சப்பாத்தில்.

"கடவுளே! அந்தப் பெண்ணின் கலியாணத்தை நான் கெடுத்துவிட்டேனா? அவனைத் திரும்ப வரச் சொல்லுங்கள். எவ்வளவு நல்லதாக வேண்டுமானாலும் சொல்கிறேன்!" உடனே ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆனால் நான் பொய் சொல்ல மாட்டேன். முதலில் அவளை எனக்குக் காட்டுங்கள்."

சனிக்கிழமை பின்னேரம் கேக் ஒன்றோடு வந்துவிட்டாள். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் அயலவள். மாலினி வழக்கம்போலக் கதிரை நுனியில் இருந்தாள். பேச்சு எங்கே போய் எங்கே வந்ததோ, டொரத்தியும் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்தவள் என்று தெரிய வந்தது. பிறகு கேட்க வேண்டுமா? டாக்டர்மாரின் தலை உருண்டது. மாலினி எழுந்து நின்று, தன் பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தேடுவது போல நடித்துக் காட்டினாள். கண்ணாடி அவர் நெற்றியிலேயே இருக்குமாம். இவளுக்கு இப்படியெல்லாம் வருமா? எனக்குத் தெரியாது!

சிரிப்புச் சத்தம் கேட்டு, பின் வளவில் நின்ற இவர் மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"ஆர் அது சிரிக்கிறது?"

"உங்கட தங்கச்சி" என்றேன்.

அடுத்த நாள் ரவீந்திரனிடம் இருந்து டெலிபோன் வந்தது. டொரத்தி சொன்னதையெல்லாம் நேற்றுத்தான் சிநேகிதனிடம் கேட்டாராம். மாலினியோடு கொஞ்சம் கதைக்கலாமா என்று கேட்டார். "எங்கட வழக்கத்தில கலியாணத்துக்கு முதல்..." என்று இவர் இழுத்தார். நான் ரிசீவரைப் பிடுங்கி மாலினியின் கையில் கொடுத்தேன். எங்கள் பக்கம் கேட்டது இவ்வளவுதான்.

"ஓம்... ஓம்... இல்லை, ஊசி குத்த மாட்டன்..." ஒரு சிரிப்பு. பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு ஏதோ மெல்லச் சொன்னாள். பிறகு, "ஓம்."

ரிசீவரை வைத்தாள். கண் கலங்கியிருந்தது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னவாம்?" என்றார் இவர்.

"கீழ தவறணையில ஒரே சத்தமாம். பொறுத்துக்கொள்ளுவீங்களோ எண்டு கேட்டவர்."

"நீ என்ன சொன்னனி?"

"நாலு வருசம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்திட்டன், எனக்குக் காணும், போதும் எண்டனான் அண்ணா."

 இவர் அவள் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டு ஜன்னலடிக்குப் போய் நின்றார். அங்கிருந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இஞ்சேரும்... கலியாணத்துக்கு டொரத்தியையும் கட்டாயம் கூப்பிட வேணும். பொம்பிளைப் பக்கத்தில சத்தம் போட எங்களிட்டை ஆளில்லை."